ரீல் சீற் பொருத்தக் கொடுக்கிறீர்களா? பசை பூசும்போது பக்கத்தில் நில்லுங்கள்

முல்லைத்தீவு நாயாற்று முகத்துவாரத்தில் பொழுதுபடும் நேரம். பாரை மீன் ஒன்று கவ்விக்கொண்டு கடலை நோக்கி ஓடியது. தூண்டில் தடியை நிமிர்த்தினேன்; நூல் சுற்றும் ரீல் என் கைக்குள்ளேயே சுழன்று மணிக்கட்டில் இடித்தது. நூல் ஓடும் தடியின் வளையங்கள் நிலத்தைப் பார்க்கின்றன, ரீல் வட்டுவாகல் பக்கம் பார்க்கிறது. முதல் வளையத்தின் விளிம்பில் உரசிய நூல் அறுந்தது. பாரை போனால் போகட்டும். நாற்பது நாள் முன்பு கட்டிய தடியில், ரீலைப் பிடித்து வைத்திருக்கும் ரீல் சீற் எப்படிக் கழன்று சுழலும்? அதே கையிடம் இன்னும் இரண்டு மூன்று பேர் தடி கட்டக் கொடுத்திருப்பதாகக் கேள்விப்பட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் கடல் என்றால் வலை, கைத்தூண்டில். இரணைமடுவிலும் முத்தையன்கட்டிலும் விராலுக்குப் போகிறவர்கள்கூடக் கடையில் வாங்கிய தடியோடுதான் போவார்கள். ஆசைக்குத் தடி கட்டுகிறவர்களை விரல்விட்டு எண்ணலாம். கனடாவிலிருந்து வந்த மச்சான் இரண்டு துண்டாகக் கழற்றும் ஒன்பது அடி கார்பன் பிளாங்க் ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். வளையம், பிடி, சீற் எதுவும் இல்லாத வெறுந்தடி. அதை ஒரு கடையில் கொடுத்தேன். கடையின் பெயர் வேண்டாம், ஆளின் பெயரும் வேண்டாம்.

சீற்றின் மேல் இருக்கும் 16, 18, 20, 22 என்ற எண்கள் ஏறத்தாழ அதன் உள்விட்டத்தை மில்லிமீற்றரில் சொல்பவை. என் பிளாங்க் சீற் வரும் இடத்தில் 14 மில்லிமீற்றர். ஆனால் என்னுடையது 6000 அளவு ரீல், சீற்றில் உட்காரும் அதன் பாதம் நீளமானது, தடிப்பானது. 16 எண் சீற்றின் கவ்விக்குள் அது நுழையவே இல்லை. "அண்ணை, 20 போடுவோம்" என்றார் கடைக்காரர். போட்டார். அதில் பிழை சொல்ல மாட்டேன். பிளாங்கை மட்டும் அளந்து சீற் வாங்கிவிட்டு, ரீல் ஏறாமல் முழித்தவர்கள் உண்டு. சீற் வாங்கப் போகும்போது ரீலையும் கையில் கொண்டு போக வேண்டும் என்பதை அவரிடம்தான் கற்றேன், அந்த நன்றி இருக்கிறது.

கோளாறு அடுத்த படியில். 14க்கு மேல் 20 ஏறினால் சுற்றிவர மூன்று மில்லிமீற்றர் வெற்றிடம். அந்த இடைவெளியை எதைக்கொண்டு நிரப்புகிறோம் என்பதுதான் முழு வேலையும். பிளாங்குக்கு இறுக்கமாகத் துளைத்த ஆர்பர் என்ற நுரை வளையங்களை ஏற்றி ஒட்டலாம், தக்கை வளையமும் ஆகும். "ஆர்பர் போட்டாயா தம்பி?" என்று கேட்டேன். "எல்லாம் போட்டாச்சு" என்றார். பிடிகள் ஒட்டிய பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்று யார் பார்ப்பது?

நான் பார்த்தேன். முற்றத்தில் பாயை விரித்து, சீற்றை நீளவாக்கில் சிறிய வாளால் கீறினேன். பிளாங்கில் வாள் பட்டுவிடுமோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. படவில்லை, ஏனென்றால் நடுவில் மூன்று மில்லிமீற்றர் மாஸ்கிங் டேப். சுவருக்குப் பெயின்ட் அடிக்கும்போது ஓரத்தில் ஒட்டுவார்களே, அதே டேப். இந்த முனையிலிருந்து அந்த முனைவரை இடைவெளியே விடாமல் சுற்றியிருந்தார். சீற் பிளந்ததும் அது வாழைச்சருகு போல அடுக்கடுக்காக உரிந்து வந்தது. உள் அடுக்குகள் பழுப்பேறி ஈரமாக இருந்தன, நடுவில் உப்புப் பொரிகள். கடைசி அடுக்கை இழுத்தால் அடியில் பிளாங்க் பளபளவென்று, தொழிற்சாலையில் பூசிய மினுக்கம் கலையாமல், கண்ணாடி போல இருந்தது. சாண்ட் பேப்பர் ஒரு தடவைகூட அதன்மேல் படவில்லை.

ஆக, சீற்றை ஒட்டப் பூசிய எப்பொக்சிப் பசை பிளாங்கைத் தொடவே இல்லை. அது சீற்றையும் டேப்பின் கடதாசியையும் ஒட்டியது. கடதாசியைப் பிளாங்கோடு பிடித்து வைத்திருந்தது டேப்பின் சொந்தப் பசை மட்டும். வன்னி வெயிலில் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போகிற தடியில் அந்தப் பசை எத்தனை நாள் நிற்கும்? போதாக்குறைக்கு, பூசியதும் ஐந்து நிமிடத்தில் இறுகும் எப்பொக்சி. சீற்றைத் திருப்பி வளையங்களோடு நேர்பார்க்கவே அந்த ஐந்து நிமிடம் போதாது. திருகும் மரையில் வழிந்திருந்த பசையை அவர் துடைக்கவும் இல்லை. ரீலை இறுக்கும்போதெல்லாம் நட் கறகறவென்று சத்தமிட்டதன் காரணம் அன்றுதான் விளங்கியது.

மாஸ்கிங் டேப்பே கூடாது என்று சொல்ல வரவில்லை. மெல்லிய இடைவெளிக்கு, இடையிடையே பிளாங்க் தெரியும்படி குறுகிய வளையங்களாகச் சுற்றி, நடுவில் பசையை நிரப்பிக் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். மூன்று மில்லிமீற்றருக்கு, அதுவும் கடல் தடிக்கு, நான் ஒப்பமாட்டேன்.

திருத்த வேலை எனக்கே விழுந்தது. புதுச் சீற் ஏற வழி வேண்டும் என்பதால் முன்பிடியையும் கீழ்த்துண்டில் இருந்த ஒரு வளையத்தையும் வெட்டி எறிந்தேன், அது வேறு செலவு. ஆர்பர் இங்கே கிடைக்கவில்லை. சுவர் வெடிப்பில் ஒட்டும் கண்ணாடி இழை வலை டேப் ஹார்ட்வெயாரில் கிடைத்தது. பிளாங்கின் மினுக்கம் போகும்வரை தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்து, வலையைச் சுற்றிச் சுற்றி மெதுவாக இறுகும் எப்பொக்சியில் ஊறவைத்தேன். கண்ணறைகள் வழியாகப் பசை பிளாங்கைப் பிடித்தது. ரீலை மாட்டி, தடியின் அடியிலிருந்து ஒற்றைக் கண்ணால் வளையங்களை நேர்பார்த்து, ஒரு முழு நாள் தொடாமல் வைத்தேன். பெரியப்பா வந்து பார்த்துவிட்டு, "பிள்ளைக்கு மாவுக்கட்டோ?" என்றார். அதன் பிறகு இரண்டு பாரை, ஒரு கொடுவா. சீற் அசையவில்லை.

உரித்த டேப்பை ஒரு பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். பார்த்தார். "நீங்கள் பெரிய மீன் இழுத்துவிட்டீர்கள் அண்ணை" என்றார். பில்லை எடுத்துக் காட்டினேன். அதில் ஆர்பர் இரண்டு என்று அவர் கையாலேயே எழுதி விலையும் போட்டிருந்தது. கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு ஆர்பரின் பணத்தை எண்ணித் தந்தார். கூலியைக் கேட்டேன்.

"வேலை செய்தது செய்ததுதானே அண்ணை" என்றார்.