கொரிய மொழி: சியோல் பேச்சா, பூசான் பேச்சா?

தென்கொரியாவின் தென்கிழக்கு நகரமான பூசானில் வேலையோ உறவோ அமைந்தவர்கள் எந்தப் பேச்சைப் பழகுவது என்று தயங்குகிறார்கள். சுருதியும் (குரலின் ஏற்ற இறக்கம்) மெய்யொலியும் வேலையைப் பங்கிட்டுக்கொள்ளும் விதத்தில் இரண்டும் பிரிகின்றன.

மெய்யொலி
நிலா, மகள், முகமூடி மூன்றுக்கும் கொரியச் சொல் தமிழ் எழுத்தில் 'தல்' என்றே வரும். நம் எழுத்து கைவிரித்துவிடுகிறது.
சியோல்: முதியவர்கள் நிலாவையும் முகமூடியையும் மூச்சுக்காற்றின் அளவால் பிரித்தார்கள். இளையோரிடம், முதலில் பெண்களிடம், சொல்லின் தொடக்கத்தில் அந்த வேறுபாடு பெரிதும் கரைந்துவிட்டது. இப்போது நிலா தாழ்ந்த சுருதியில் தொடங்குகிறது, முகமூடி உயர்ந்த சுருதியில்.
பூசான்: சுருதிக்கு ஏற்கெனவே சொற்பொருளைப் பிரிக்கும் வேலை இருப்பதால் மூச்சுக்காற்றே பெரும்பாரத்தைச் சுமக்கிறது. இளையோரிடம் அதுவும் சற்றே அசையத் தொடங்கியிருக்கிறது.

சொற்பொருள்
சியோல்: 'மல்' குதிரையா பேச்சா என்பதை இன்று பெரும்பாலும் சூழல்தான் சொல்லும்.
பூசான்: சுருதியே சொல்லிவிடும். 15-ஆம் நூற்றாண்டு நூல்களில் எழுத்தின் இடப்பக்கம் புள்ளியிட்டுக் காட்டிய பழைய சுருதியின் வாரிசு இது. எனக்குப் பிடித்தது இதுதான்.

எளிமை
சியோல்: பாடநூல், தேர்வு, செய்தி எல்லாம் இதில்.
பூசான்: சுருதியைச் சொல்லுக்குச் சொல் மனப்பாடம் செய்ய வேண்டும்.

தேர்வுக்கும் அலுவலகத்துக்கும் சியோல் பேச்சே போதும்; முகமூடி போன்ற சொற்களில் காற்றை ஊதுவதோடு நிற்காமல் சுருதியையும் உயர்த்துங்கள். பூசானில் குடியேறுபவர்களும் சியோல் பேச்சையே பேசலாம், ஆனால் காதைப் பூசானுக்குப் பழக்க வேண்டும். அரிசிக்கும் சதைக்குமான சொற்கள் சியோலில் இரு வேறு சகரங்களால் பிரியும்; அங்கே சில முதியவர்கள் எதைச் சொன்னாலும் ஒரே சகரம்தான் கேட்கும்.