சென்னை டூ திருநெல்வேலி ஃபோர் வே: வருஷக்கணக்கா ஓட்டுறவனோட ரிவ்யூ

போனுக்கும் ஹோட்டலுக்கும் ரிவ்யூ போடுறோம், ஒவ்வொரு தடவையும் காசு கட்டிட்டு போற ரோட்டுக்கு யாரும் போடுறதில்ல, அதான் எழுதுறேன். சொந்த ஊரு நெல்லை பக்கம், பொழப்பு சென்னைல, வருஷத்துக்கு நாலஞ்சு தடவையாச்சும் இந்த ரோட்டுல போய்ட்டு வர்றேன்.

மொதல்ல நல்லத சொல்லிடறேன். டூ வேயா இருந்தப்ப ரெண்டு பக்கமும் புளியமரம், எதிர்ல லாரி, ஒரு ஓவர்டேக் எடுக்க சாமிய கும்புடணும், அப்பா கூட சாயங்காலம் பஸ் ஏறுனா மறுநாள் வெயில் ஏறுனப்புறம் தான் இறங்குவோம். 1998ல வாஜ்பாய் ஆட்சில தேசிய நெடுஞ்சாலை மேம்பாட்டு திட்டம்னு ஆரம்பிச்சாங்க, டெல்லி மும்பை சென்னை கல்கத்தாவ இணைக்கிற தங்க நாற்கரம் 5,846 கிமீ, அது போக ஸ்ரீநகர் டூ கன்னியாகுமரி காரிடார். மதுரைக்கு தெக்க நம்ம ரோடு அந்த காரிடார்ல தான் வருது, பழைய என்ஹெச் 7, 2010ல நம்பர் மாத்துனதுல 44 ஆயிடுச்சு. அம்மாவ ஆஸ்பத்திரில சேத்தப்ப ராத்திரி பதினோரு மணிக்கு சென்னைல கெளம்பி காலைல எட்டு மணிக்கு பக்கத்துல போய் நின்னேன், அந்த ஒரு ராத்திரிக்காகவே இந்த ரோட்ட கையெடுத்து கும்புடலாம்.

இந்த திட்டத்தோட கதைல ஒரு உயிரும் போயிருக்கு. நாற்கர வேலைல நடந்த ஊழல பத்தி பிரதமர் ஆபீஸுக்கு லெட்டர் எழுதுன இன்ஜினியர் சத்யேந்திர துபேவ 2003 நவம்பர்ல பீகார் கயாவுல சுட்டு கொன்னுட்டாங்க. இவ்ளோ பெரிய ரோட்டுல ஒரு பாலத்துக்காச்சும் அவர் பேர வெக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை.

டோல் பத்தி. 2021 பிப்ரவரில ஃபாஸ்டேக் கட்டாயம் ஆனதுல இருந்து சில்லறை சண்டை ஒழிஞ்சுது. 2025 ஆகஸ்ட்ல சொந்த காருக்கு 3,000 ரூபாய்க்கு வருஷ பாஸ் வந்துச்சு, 200 தடவை தாண்டலாம், என்ன மாதிரி அடிக்கடி போறவங்க கண்ண மூடிட்டு வாங்குங்க, வந்தப்ப இருந்த ரேட்டுக்கு ஒரு டோலுக்கு 15 ரூபா தான் விழுந்துச்சு. நடுவுல டயர் வெடிச்சு ஹைவே ஹெல்ப்லைன் 1033க்கு கூப்டப்ப ஆள் வந்து பின்னாடி கோன் வெச்சு நின்னாங்க, அதுக்கு ஃபுல் மார்க்.

ஆனா பைபாஸ் வந்ததுல ஊரெல்லாம் ரோட்ட விட்டு தள்ளி போயிடுச்சு. சாத்தூர்ல சேவு, கோவில்பட்டில கடலைமிட்டாய்னு பஸ் ஜன்னல்ல நீட்டி வித்தவங்க பொழப்பு என்ன ஆச்சு? ராத்திரி பஸ்ஸுங்க பாதி ஊருக்குள்ளயே போறதில்ல. என் தங்கச்சிய ஒரு தடவை ராத்திரி ரெண்டு மணிக்கு பைபாஸ்லயே இறங்கிக்கம்மானு விட்டுட்டு போய்ட்டாங்க, கையில கொழந்த, அங்க ஒரு லைட் கூட இல்ல, நான் போன்லயே பேசிட்டு இருந்தேன் ஆட்டோ வர்ற வரைக்கும்.

ஓட்டுறவனா நான் 5க்கு 4 குடுப்பேன், ஆனா நடந்து தாண்டுறவங்களுக்கு இந்த ரோடு 1 கூட தேறாது. நாட்டுல மொத்த ரோடு நீளத்துல என்ஹெச் சுமார் 2 சதவீதம் தான், ஆனா 2022ல ரோட்டுல செத்த 1,68,491 பேர்ல 61,038 பேர் என்ஹெச்ல போயிருக்காங்க. காரணம் கண்ணு முன்னாடியே கெடக்கு. வீடு இந்த பக்கம், வயலும் பள்ளிக்கூடமும் அந்த பக்கம், சுரங்கப்பாதை ஒன்னரை கிலோமீட்டர் தள்ளி, பால் கேன் தூக்கிட்டு அவ்ளோ தூரம் யாரு சுத்துவா, ராங் சைடுல தான் வருவாங்க.

எங்க ஊருக்கு முன்னாடி ஒரு எடம் இருக்கு. எதிர் வண்டி லைட் கண்ணுல அடிக்காம இருக்க நடுவுல அரளி வெச்சிருக்காங்கல்ல, அதுல ஒரு ஆள் நுழையுற அளவுக்கு சந்து, மண்ணு காலடி பட்டு வழுவழுன்னு இருக்கு, ஏறி இறங்க யாரோ ஒரு பட்டியக்கல்லு போட்டிருக்காங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்கு அங்க யூனிஃபார்ம் போட்ட புள்ளைங்க கைய புடிச்சுட்டு நிக்கும். அந்த வழியா போறவங்க 100ல பறக்காம 50க்கு எறக்குங்க, அந்த கல்லு இருக்குற எடத்துலயே ஒரு நடைபாலம் கேட்டு நானும் மனு எழுதி குடுத்திருக்கேன்.