டைல்ஸ் வெட்டேக்க வாற தூசுக்கு தண்ணியா, வாக்கியூமா, மாஸ்க்கா?

திருகோணமலையில கச்சான் காத்து அடிக்கிற மாசங்களில ஒரு இடத்தில கிரைண்டர் ஓடினா காணும், தூசு மதில் தாண்டிப் போய் அடுத்த வீட்டுக் கொடியில காயிற உடுப்பில படியும். உப்புவெளியில எங்கட வீட்டுக்கு டைல்ஸ் பதிக்கேக்க, வெட்டின தம்பி லேஞ்சி மட்டும்தான் மூக்கில கட்டியிருந்தான், எனக்குப் பார்க்கவே மனசு கேக்கேல்ல. கண்ணுக்குத் தெரியிற புழுதியை விட தெரியாத சிலிக்காத் தூசுதான் (கல், மணல், டைல்ஸ் எல்லாத்திலயும் இருக்கிற பொருள்) ஆபத்து, 4 மைக்ரோனுக்கும் சின்னன், நுரையீரலின்ட அடிவரைக்கும் போயிரும், சிலிக்கோசிஸ் எண்ட நுரையீரல் வருத்தம் வந்தா மாத்த மருந்தில்ல. அமெரிக்காவில சட்டப்படி 8 மணித்தியால வேலைக்கு ஒரு கன மீட்டர் காத்தில சராசரியா 50 மைக்ரோகிராம்தான் உச்ச வரம்பு.

டைல்ஸ், கருங்கல், கொங்கிரீட் வெட்ட எண்டா என்ட வோட்டு தண்ணிக்குத்தான். தூசு பறக்க முன்னமே பிளேட்டடியிலயே நனைஞ்சு விழுந்திரும். ஆனா ஒராள் போத்தலால இடைக்கிடை ஊத்திறது சரிவராது, தண்ணி விடாம பிளேட்டில படோணும், ஊத்திற பொடியனும் தூசுக்குக் கிட்டத்தானே நிக்கிறான். சாதாரண கிரைண்டரில தண்ணி ஊத்தி கரண்ட் அடிவாங்காதீங்கோ, தண்ணித்தட்டு வைச்ச டைல்ஸ் கட்டரை எடுங்கோ, 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்சும் இருக்கோணும். இன்னொண்டு, வெட்டின சேத்தை ஈரத்தோடயே அள்ளோணும், காயவிட்டா கச்சான் அதைத் திரும்பக் கிளப்பும்.

சுவரில வயர் பைப்புக்கு காடி வெட்டேக்க தண்ணி பாவிக்கிறது கஸ்டம், அங்க வாக்கியூம்தான். கிரைண்டருக்கு மூடி போட்டு ஹோஸ் இணைச்சு உறிஞ்சிற செட் அது. வீடு கூட்டுற வாக்கியூமைக் கொண்டு வந்து பூட்டினா நுண்தூசு பின்பக்கத்தால திரும்பவும் வெளியில வரும், ஹெப்பா ஃபில்டர் (0.3 மைக்ரோன் தூசில 99.97 வீதம் பிடிக்கிறது) உள்ளதா பாருங்கோ. விலை கூட, வேலை முடியுமட்டும் வாடகைக்கு எடுக்கேலுமெண்டா அதுதான் நல்லம். சுவர் மூலையில மூடி சரியா ஒட்டாது, அந்த இடத்தில தூசு தப்பும்.

மாஸ்க்கை நான் கடைசியில வைக்கிறதுக்குக் காரணம், அது போட்டவனை மட்டும்தான் காக்கும், சீமெந்து குழைக்கிற அக்காவுக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் ஒண்டுமில்ல. லேஞ்சி, சத்திரசிகிச்சை மாஸ்க் ரெண்டும் நுண்தூசுக்கு மாஸ்க்கே இல்ல. N95 முகத்தில இறுக்கமா ஒட்டோணும், தாடி இருந்தா ஓரத்தால காத்து போகும், சரியாப் போட்டாலும் உள்ள வாறதை பத்தில ஒண்டாக் குறைக்கும், அவ்வளவுதான். காடி வெட்டேக்க வாக்கியூமோட சேத்துப் போடுங்கோ, அதை மட்டும் நம்பாதீங்கோ.

தண்ணி வைச்சா வேலை சுணங்கும் எண்டு பாஸ் சொல்லுவார். அவருக்கு நான் சொன்னது, தண்ணி பட்டா டயமண்ட் பிளேட் சூடாகாது, கூட நாள் உழைக்கும் எண்டு. அதுக்குப் பிறகுதான் பைப்பை இழுத்துக்கொண்டு வந்து பூட்டினார்.