லவ் பேர்ட்ஸ், புறா, காடை: நாய்க்கு எந்த முட்டையைக் கொடுக்கலாம்?

மட்டக்களப்பில் பறவைக் கூடும் நாயும் ஒன்றாக இருக்கிற வீடுகளில் இந்தக் கேள்வி எப்படியும் ஒருநாள் வரும். சேவல் இல்லாமலே பேடு முட்டை போட்டிருக்கிறது, பொரிக்கப் போவதில்லை. எறிகிற முட்டையை நாய்க்கோ பூனைக்கோ போட்டால் என்ன?

போடலாம். லவ் பேர்ட்ஸ் முட்டை என்றாலும் கோழி முட்டை என்றாலும் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒரே புரதமும் கொழுப்பும்தான், நஞ்சு ஒன்றுமில்லை. ஆனால் முட்டையை எடுப்பதால் பறவைக்கு என்ன ஆகிறது என்பதையும் பார்க்க வேண்டும். அதை யாரும் கேட்பதில்லை.

முதலில் லவ் பேர்ட்ஸ். முட்டையின் எடை 2 கிராம் அளவுதான். கொக்கட்டில் என்ற கொண்டைக் கிளியின் முட்டை என்றால் 5 கிராம். நாய்க்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. லவ் பேர்ட்ஸ் பேடு ஒருநாள் விட்டு ஒருநாளாக நாலு முதல் ஆறு முட்டை வரை இடும், முதல் ஒன்றிரண்டு இட்டதுமே அடையில் உட்கார்ந்துவிடும். இட இட எடுத்துக்கொண்டே வந்தால், குறைகிறதே என்று இன்னும் இட்டுக்கொண்டிருக்கும். ஒவ்வொரு ஓட்டுக்கும் கல்சியம் தீனியிலிருந்தும் அதன் எலும்பிலிருந்தும் போகிறது. கடைசியில் ஓடு மென்மையாகி, முட்டை வெளியே வராமல் அடைத்துக்கொள்ளவும் கூடும். இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூட்டின் தரையில் குந்தி, வால் மேலும் கீழும் ஆட மூச்சு வாங்கினால் அன்றைக்கே கால்நடை வைத்தியரிடம் கொண்டு போக வேண்டும்.

அதனால் இந்த முட்டையை எடுத்து அவித்து, ஆறவிட்டு, திரும்ப மண்முட்டிக்குள்ளேயே வைப்பதுதான் நல்லது. மூன்று கிழமை அளவில் பேடே சலித்துப்போய் விட்டுவிடும். அவ்வளவு நாள் அடைச் சூட்டில் கிடந்ததை, அதுவும் கச்சான் என்ற சூடான காற்று அடிக்கிற மாதங்களில், எந்தப் பிராணிக்கும் கொடுக்கக் கூடாது. புதைத்துவிடுங்கள்.

புறா கொஞ்சம் பரவாயில்லை. ஒரு தடவைக்கு இரண்டு முட்டை, ஒன்று 15 முதல் 20 கிராம் வரை. புறா வளர்ப்பவர்கள் பலர் குஞ்சு பெருகாமல் இருக்க முட்டையை எடுத்துவிட்டுப் போலி முட்டை வைப்பதுண்டு. அப்படிச் செய்தால் சோடி அடையிலேயே இருக்கும், உடனே மறுபடி இடாது. எடுத்ததை அன்றைக்கே அவித்துவிடலாம். கிடந்த முட்டை என்று சந்தேகம் வந்தால் இருட்டில் போன் லைட்டின் மேல் வைத்துப் பாருங்கள். ஒரு கிழமை அடைகாத்த கரு இருந்தால் சிவப்பு நரம்புகள் கிளை பிரிந்து தெரியும். புறாக்கூட்டில் எச்சம் படாத முட்டை அபூர்வம். சல்மனெல்லா கிருமி புறாவில் சாதாரணமாக இருக்கிற ஒன்று, ஓட்டைத் தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவத்தான் வேண்டும்.

என் ஓட்டு காடைக்குத்தான். வளர்ப்புக் காடை பெரும்பாலும் அடைகாப்பதே இல்லை. அந்தக் குணம் அதற்கு மங்கிப்போய்விட்டது. கிட்டத்தட்ட நாளுக்கு ஒன்று இட்டுவிட்டுத் தன் பாட்டில் போய்விடும், எடுத்தாலும் கவலைப்படாது. 10 கிராம் முட்டை என்பதால் பூனைக்கோ சின்ன நாய்க்கோ ஒன்று போதும், அதுவும் கிழமைக்கு இரண்டு மூன்று தடவை.

சரி, பச்சையா அவித்ததா? அவித்ததுதான். பச்சை வெள்ளைக்கருவில் இருக்கும் அவிடின் பயோட்டின் என்ற விட்டமினைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒன்றிரண்டால் பெரிதாக ஒன்றும் ஆகாது, சமைத்தால் அதுவும் அடங்கிவிடும். அதைவிடப் பெரிய காரணம் சல்மனெல்லா. நாய் ஒன்றும் ஆகாத மாதிரித் திரியும், ஆனால் அது நக்குகிற சின்னப் பிள்ளைக்கு வயிற்றோட்டம் பிடிக்கக்கூடும். பறவைக்கு அன்டிபயோட்டிக்கோ பூச்சி மருந்தோ கொடுத்திருந்தால், எத்தனை நாள் முட்டையைத் தவிர்க்க வேண்டும் என்று மருந்து தந்தவரிடமே கேளுங்கள்.

வெங்காயம், உள்ளி போட்டுப் பொரித்த முட்டையில் மிஞ்சினதை மட்டும் நாய்க்கோ பூனைக்கோ வைக்காதீர்கள். இரண்டும் அவற்றின் இரத்தச் சிவப்பணுவை அழிக்கும்.

லவ் பேர்ட்ஸ் முட்டையை எறிய மனமே வராதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. கூட்டில் போலி முட்டை வைத்துவிட்டு, இட்ட அன்றைக்கே எடுத்து அவித்து, மஞ்சள் கருவைத் துணியில் கட்டித் தண்ணீரில் கசக்கினால் வரும் மஞ்சள் தூளைக் கப்பி மீன் குஞ்சுகள் விரும்பித் தின்னும். சொட்டளவு போதும். கூடினால் அன்று பின்னேரமே தொட்டித் தண்ணீர் நாறும்.