கீட்டோஅசிடோசிஸ் வந்த குழந்தைக்கு 40 யூனிட் ரெகுலர் இன்சுலின் குப்பி: எப்படி இருக்கிறது?

கீட்டோஅசிடோசிஸ் என்பது சர்க்கரை நோயில் இன்சுலின் பற்றாக்குறையால் ரத்தத்தில் கீட்டோன் எனும் அமிலம் தேங்கும் ஆபத்தான நிலை. ஆக்ட்ராபிட், ஹுமின்சுலின் ஆர் என எந்தப் பெயரில் வந்தாலும் குழந்தைகள் ஐசியுவில் இந்தக் குப்பியையே நம்பலாம். விலை உயர்ந்த அதிவேக இன்சுலினை நரம்பில் ஏற்றுவதால் கூடுதல் பலன் இல்லை. மருந்து நல்லது, கவனம் தேவைப்படுவது கலக்கும் இடத்தில்தான்.

ஒரு மில்லியில் 40 யூனிட். 50 யூனிட்டுக்கு 1.25 மில்லி எடுத்து, 48.75 மில்லி நார்மல் சலைனில் கலந்தால் மில்லிக்கு 1 யூனிட். 20 கிலோ குழந்தைக்குக் கிலோவுக்கு 0.1 யூனிட் வீதம், சிரிஞ்ச் பம்பில் மணிக்கு 2 மில்லி. அதே அலமாரியில் 100 யூனிட் குப்பியும் இருந்தால் ஆபத்து: அதிலிருந்து 1.25 மில்லி எடுத்தால் இரண்டரை மடங்கு மருந்து போய்விடும். லேபிளை இருவர் படித்துப் பார்க்க வேண்டும். 40-க்கான இன்சுலின் ஊசிக்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு.

இன்சுலின் பிளாஸ்டிக் குழாயின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும். கலந்த திரவத்தில் 20 மில்லியை முதலில் குழாய் வழியே ஓட்டிக் கொட்டிவிடுங்கள். இல்லையென்றால் ஆரம்பத்தில் குழந்தைக்குப் போய்ச் சேரும் அளவு குறையும்.

சலைன் ஏற்றத் தொடங்கிக் குறைந்தது ஒரு மணி நேரம் கழித்தே இன்சுலின். முதலில் ஒரே வீச்சாகப் போடும் போலஸ் வேண்டவே வேண்டாம். ரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு 3 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் அதைச் சரிசெய்த பிறகே தொடங்க வேண்டும். இன்சுலின் அதை இன்னும் இறக்கி, இதயத் துடிப்பைக் குலைத்துவிடும்.

ரத்தச் சர்க்கரை 250–300 மி.கி./டெ.லி.-க்கு இறங்கியதும் பம்பை நிறுத்துவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. கீட்டோன் அடங்க இன்சுலின் ஓடியே ஆகவேண்டும், சர்க்கரை மேலும் இறங்காமலிருக்க டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) சேருங்கள். தோலடி ரெகுலர் ஊசி போட்டு ஒன்றிரண்டு மணி நேரம் கழித்தே பம்பை நிறுத்தலாம்.