காற்றடைக்கும் லைஃப் ஜக்கெற்றோடு இலங்கையின் வடகடலில் சில வருடங்கள்: பாவனை அனுபவம்

பிரிட்டிஷ் கொலம்பியாவில் இருக்கிற மச்சான் கோடை வந்தால் சின்ன போட்டில் சால்மன் பிடிக்கப் போகிறவர். அங்கத்தைய கடல் கோடையிலும் பத்துப் பாகை அளவில்தான் இருக்கும். விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சே பிடிபடாது, பத்து நிமிடத்துக்குள் கை கால் சொல்வழி கேட்காது, அதனால் கரையிலேயே ஜக்கெற்றைக் கட்டிக்கொண்டுதான் போட்டில் கால் வைப்பார்களாம். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த ஒரு முறை எனக்கும் சித்தப்பாவுக்கும் இரண்டு காற்றடைக்கும் ஜக்கெற், ஒரு கையடக்க ஜிபிஎஸ், குளிர்க்கடலில் போடுகிற மொத்த மிதவை உடுப்பு ஒன்று எல்லாம் கொண்டுவந்து தந்தார். பருத்தித்துறைப் பக்கத்தில் பதினெட்டு அடி பைபர் போட்டில் இவற்றைச் சோளகம் என்கிற தென்மேற்குக் காற்றுக் காலத்திலும் வாடை என்கிற வடகிழக்குக் காற்றுக் காலத்திலும் பாவித்துவிட்டேன். வாங்க நினைக்கிற தொழிலாளிகள் அடிக்கடி கேட்பதால் விபரமாக எழுதுகிறேன்.

மிதவை உடுப்பு எங்களுக்குச் சரிவராது. எங்கள் தண்ணி இருபத்தெட்டுப் பாகை, வெயில் ஏறினால் அதைப் போட்டுக்கொண்டு நிற்கவே முடியாது. இங்கே கடலில் விழுந்தவனைக் கொல்வது குளிரைவிட நேரம்தான்: மணிக்கணக்கில் மிதப்பது, தாகம், முகத்தில் ஓயாமல் அடிக்கிற அலை. பாக்கு நீரிணை ஆழமில்லாத கடல், காற்று கொஞ்சம் எழும்பினாலே அலை குட்டையாக, நெருக்கமாக, செங்குத்தாக வரும், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் மூச்செடுக்க இடைவெளி கிடைக்காது. எங்கள் ஊரில் நீந்தத் தெரியாத தொழிலாளி குறைவு, அதனாலேயே பலர் ஜக்கெற் கட்டுவதில்லை. ஆனால் தலை போட்டின் விளிம்பில் அடிபட்டு விழுகிறவனுக்கு நீச்சல் உதவாது.

ஜக்கெற்றுக்கு வருகிறேன். முதலில் இருந்தது பஞ்சு வைத்த செம்மஞ்சள் ஜக்கெற். அதைப் பற்றிச் சித்தப்பா எப்போதும் சொல்வது, "உதைக் கட்டிக்கொண்டு வலை இழுக்கேலாது தம்பி." அவர் சொன்னதில் நியாயம் உண்டு. நெஞ்சுப் பக்கம் தடிப்பாக இருப்பதால் குனிந்து இழுக்க முடியாது, கொளுக்கியில் வலைக்கண் மாட்டும், பத்து மணிக்குப் பிறகு உள்ளே வேர்வை ஊறிவிடும். அதனால் அது போட்டின் முன்பக்கத்தில், அணியத்துக்குக் கீழேதான் கிடந்தது. காற்றடைக்கும் வகை தோளில் தட்டையாகக் கிடக்கிறது, கழுத்துப் பட்டி மாதிரி இரண்டு பக்கமும் இறங்கும், வலை மாட்டுவது மிகக் குறைவு. உள்ளே 33 கிராம் கரியமில வாயு அடைத்த சிலிண்டர், ஊதினால் 150 நியூட்டன் மிதப்பு, அதாவது பதினைந்து கிலோ அளவு தூக்குகிற விசை. கழுத்துக்குப் பின்னாலும் காற்று நிறைவதால் மயங்கினவனையும் முகம் மேலே வரத் திருப்பும். சித்தப்பா இப்போது கரையிலிருந்தே கட்டிக்கொண்டு வருகிறார், இந்தப் பொருளின் மிகப் பெரிய வெற்றி என்று நான் நினைப்பது அதைத்தான். உடம்பில் இல்லாத ஜக்கெற்றில் எத்தனை நியூட்டன் எழுதியிருந்தாலும் பிரயோசனம் இல்லை.

குறை என்றால் முக்கியமானது, தானாக ஊதுகிற பொறிமுறை. எங்களுடையதில் தண்ணி பட்டால் கரைகிற ஒரு சின்ன வில்லை இருந்தது, அது கரைந்ததும் சுருள்வில் விடுபட்டு ஊசி சிலிண்டரைக் குத்தும். வாடைக்கால ஈரக்காற்று, மழை, நனைந்த வலை இதையெல்லாம் அந்த வில்லை தாங்கவில்லை. ஒருநாள் நல்ல மழையில் வலை இழுத்துக்கொண்டிருக்கும்போது என் கழுத்தில் பட்டென்று ஊதிவிட்டது, கையில் வலை, முன்னால் ஒன்றும் தெரியாது, சித்தப்பா வந்துதான் காற்றைத் திறந்து விட்டார். புதுச் சிலிண்டரும் வில்லையும் யாழ்ப்பாணத்தில் தேடி அலைந்தேன், கிடைக்கவில்லை. அழுத்த வாயு என்பதால் தபாலிலும் சும்மா அனுப்ப முடியாது, விமானத்தில் வருகிறவர் எயார்லைனிடம் முன்பே அனுமதி கேட்டு ஜக்கெற்றோடு ஒன்றிரண்டு கொண்டுவரலாம். அதற்குப் பிறகு கயிறு இழுத்தால் மட்டும் ஊதுகிற வகைக்கு மாற்றிக்கொண்டேன். இதில் விழுந்தவனுக்கு நினைவு இருக்க வேண்டும், அது பெரிய விட்டுக்கொடுப்புத்தான், தெரிந்தே செய்தேன். தண்ணி அழுத்தத்தில் வேலை செய்கிற இன்னொரு வகை இருக்கிறது, மழைக்கும் சிதறலுக்கும் ஊதாது, விலை கூட. வசதி இருப்பவர்கள் நேராக அதையே வாங்குங்கள். நீந்தத் தெரியாதவர் போட்டில் வந்தால் பஞ்சு ஜக்கெற்றைத்தான் நான் கட்டிவிடுவேன், இழுக்கவும் வேண்டாம், ஊதவும் வேண்டாம்.

கவட்டுப் பட்டி என்று, கால்களுக்கு இடையால் போட்டுக் கட்டுகிற ஒன்று தனியாக வரும், பலர் கழற்றி எறிந்துவிடுவார்கள். பருத்தித்துறை முனைப் பக்கத்தில் இடுப்புக்கு மேல் தண்ணியில் நின்று நாங்கள் ஊதிப் பார்த்தோம். பட்டி இல்லாமல் ஜக்கெற் காது வரைக்கும் ஏறி வாயை மூடுகிறது, உடம்பு கீழே வழுக்குகிறது. பட்டியோடு நெஞ்சில் அசையாமல் நின்றது. சாறத்தோடு கட்டுவது கரைச்சல், காற்சட்டையோடு பிரச்சினை இல்லை.

பராமரிப்பு கட்டாயம். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணியில் அலசி நிழலில் தொங்கவிட வேண்டும். சிலிண்டரைக் கழற்றிப் பார்த்தால் மரையைச் சுற்றி வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும், பல் தேய்க்கிற பிரஷ்ஷால் எடுத்துவிடுவேன். வாயுவோடு சேர்த்துச் சிலிண்டரின் மொத்த நிறை எத்தனை கிராம் இருக்க வேண்டும் என்று அதிலேயே அடித்திருப்பார்கள், இறால் வாங்குகிற வாடியில் இருக்கிற டிஜிற்றல் தராசில் வைத்தால் வாயு கசிந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். அப்புறம் வாயால் ஊதி ஓர் இரவு வைத்துப் பாருங்கள், காலையில் தொய்ந்திருந்தால் பை கசிகிறது.

காசே செலவில்லாத சாமான் ஒன்று உங்கள் எஞ்சினிலேயே இருக்கலாம். எஞ்சினை நிறுத்துகிற சிவப்புச் சுருள் கயிறு. அநேகமான போட்டுகளில் அது எஞ்சினோடேயே சுற்றிக் கட்டிக் கிடக்கும். ஓட்டுகிறவன் எறியப்பட்டால் ஆளில்லாத போட் வட்டமடித்துத் திரும்பி அவன் மேலேயே வரும், சுழலுகிற விசிறியோடு. அந்தக் கயிறு ஓட்டுகிறவனின் உடம்பில் கொளுவியிருந்தால் இழுபட்ட உடனே எஞ்சின் நிற்கும். போட்டில் மிஞ்சுகிறவர் திரும்ப ஸ்ராட் பண்ணுவதற்கு இன்னொரு கொளுக்கி அவர் எடுக்கக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும், இதைப் பலர் யோசிப்பதில்லை.

ஜிபிஎஸ் நன்றாக உழைக்கிறது. தண்ணியில் மிதக்கிற வகை, இரண்டு சின்னப் பற்றரி, மாற்றுப் பற்றரி ஒரு சோடி பொலித்தீனில் சுற்றி வைத்திருக்கிறேன். 1974 இல் இந்தியாவோடு போட்ட கடல் எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரிகிறதல்ல, எஞ்சின் நின்று நீரோட்டம் இழுக்கும்போது எங்கே போகிறோம் என்று இதுதான் காட்டும். ஆனால் எனக்கு மிகவும் உதவியது கரை ஏறும்போது. முருகைக்கல் பாருக்கு நடுவில் போட் போய்வர வெட்டின பாதையை வான் என்போம், அது ஒடுக்கம், இருட்டில் அலை உடைகிற நேரம் வாயைத் தவறவிட்டால் போட் கல்லில். காற்றில்லாத ஒரு பகலில் வான் வாயில் நின்று புள்ளி குறித்துக்கொள்ளுங்கள், வெளிச்சத்தில் அதைப் பிடித்து உள்ளே வந்து பழகிய பிறகு இரவில் நம்புங்கள்.

இரவில் சுற்றிவர எல்லாப் பக்கமும் தெரிகிற வெள்ளை லைற் ஒன்று எரிய வேண்டும். இழுவை வலை போடுகிற படகு வருகிற இரவுகளில் அதை அணைத்துவிட்டு வலையோடு கிடப்பது உயிரோடு விளையாடுவது.

2020 டிசம்பரில் புரெவி வந்தபோது போல, பெயர் வைத்த புயலுக்கு எல்லாரும் போட்டைக் கரையில் ஏற்றிவிடுகிறோம். எனக்குப் பயம் பெயரில்லாத காற்றுக்கு. வளிமண்டலவியல் திணைக்களம் காற்றை மணிக்குக் கிலோமீற்றரில் சொல்லும், போனில் பார்க்கிற அப்பில் அநேகமாக நொற்றில் இருக்கும். ஒரு நொற் என்றால் மணிக்கு 1.852 கிலோமீற்றர். அப்பில் இருபத்தைந்து என்று பார்த்துவிட்டுச் சின்னக் காற்று என்று இறங்கினால் வெளியில் நாற்பத்தாறு கிலோமீற்றர் காற்று நிற்கும். அப்பின் அமைப்பில் அலகை மாற்றிவிடுங்கள், ஒரு நிமிட வேலை.

இனி வாங்க இருப்பது போட்டுக்குப் போட் கதைக்கிற கையடக்க விஎச்எஃப் வானொலி. அபாயத்துக்கு 16 ஆம் சனல். போட்டில் இருந்து போட்டுக்கு ஐந்து கடல் மைல் கிடைத்தாலே அதிகம், தொலைத்தொடர்பு ஆணைக்குழுவின் அனுமதியும் எடுக்க வேண்டும். தனியாக என்னிடம் இருந்து பிரயோசனம் இல்லை, பக்கத்தில் தொழில் செய்கிற போட்டுகளிலும் இருக்க வேண்டும், அதனால் சங்கத்தில் பத்துப் பேர் சேர்ந்து எடுப்பதற்குக் கதைத்துக்கொண்டிருக்கிறோம்.