பிளேஸ்டேஷன் 5: டர்பனிலிருந்து ஒரு மதிப்பீடு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் உள்ள எங்கள் வீட்டில் சோனியின் வீடியோ கேம் கன்சோலான பிளேஸ்டேஷன் 5-இன், டிஸ்க் போடும் வசதியுள்ள முதல் மாடல் இருக்கிறது. பழைய பிளேஸ்டேஷன் 4-ஐயும் விற்றுவிடாமல் அதே டிவியில் இணைத்து வைத்திருப்பதால், இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்து எழுத முடிகிறது.

2013-இல் வந்த பிளேஸ்டேஷன் 4-இன் கிராபிக்ஸ் திறன் 1.84 டெராஃப்ளாப்ஸ் (ஒரு டெராஃப்ளாப்ஸ் என்பது நொடிக்கு இலட்சம் கோடி கணக்குகள்), 2020-இல் வந்த பிளேஸ்டேஷன் 5-க்கு 10.28. ஐந்து மடங்குக்கு மேல் கூடியும் படம் ஐந்து மடங்கு அழகாகத் தெரியவில்லை. 1080பி திரையைவிட 4கே திரையில் நான்கு மடங்கு புள்ளிகளை வரைய வேண்டியிருப்பதால், கூடுதல் திறனில் பெரும்பகுதி படத்தைக் கூர்மையாக்குவதிலேயே கரைந்துவிடுகிறது. முதல் பிளேஸ்டேஷனில் நிலைமை வேறு, அதன் குறைகள் கண்ணுக்கே தெரிந்தன. பரப்பின் மேல் ஒட்டும் படத்தைத் தொலைவுக்கேற்பத் திருத்தும் வசதி அதன் சில்லில் இல்லாததால் தரையும் சுவரும் நெளிந்தன. தொலைவில் உள்ளதை வரைய முடியாத குறையை 1999-இல் வந்த சைலன்ட் ஹில் மூடுபனியால் மறைத்தது, அந்தப் பனியே அதன் அச்சமூட்டும் அழகாகவும் ஆகிவிட்டது. அடுத்த தலைமுறைக் கன்சோல் வந்தபோது மாற்றத்தை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. (தென்னாப்பிரிக்காவின் டிவிகள் நொடிக்கு 50 முறை திரையைப் புதுப்பிக்கும் ‘பால்’ (PAL) முறையில் இருந்ததால், அக்காலத்து கேம்கள் பல இங்கே ஆறில் ஒரு பங்கு மெதுவாக, மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடு ஓடின என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்புவதில்லை.)

பிளேஸ்டேஷன் 5-இன் உண்மையான முன்னேற்றம் நொடிக்கு 5.5 ஜிகாபைட் படிக்கும், அசையும் பாகமில்லாத சேமிப்பகமான எஸ்எஸ்டியில்தான் இருக்கிறது. பழைய ஹார்ட் டிஸ்க்கில் முள் இடம்விட்டு இடம் நகர நேரம் பிடித்ததால், 2018-இல் வந்த ஸ்பைடர்மேனில் சில தரவுகளை 400 முறை நகலெடுத்து வைக்க நேர்ந்தது என்று இக்கன்சோலை வடிவமைத்த மார்க் செர்னியே விளக்கியிருக்கிறார். நாயகன் குறுகிய பாறையிடுக்கில் உடலை நுழைத்து மெல்ல நகரும் காட்சிகள் பல, அடுத்த இடத்தை நினைவகத்தில் ஏற்றுவதற்கான அவகாசமே. 2021-இல் வந்த ராட்செட் அண்ட் கிளாங்க்: ரிஃப்ட் அபார்ட்டில் ஓர் உலகத்திலிருந்து இன்னோர் உலகத்துக்கு நடு ஆட்டத்திலேயே குதிக்க முடிவது இந்தத் தடை நீங்கியதால்தான். ஆயினும் 2022-இன் பெரிய கேம்களான ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட், காட் ஆஃப் வார் ரக்னராக் இரண்டும் பிளேஸ்டேஷன் 4-இலும் ஓட வேண்டியிருந்ததால், பழைய வேலிக்குள்ளேயே கட்டப்பட்டன. வாங்கியவர்கள் ஏமாந்ததாக உணர்ந்ததில் நியாயம் உண்டு.

குறைகளும் உள்ளன. இந்த முதல் மாடலின் 825 ஜிகாபைட் சேமிப்பகத்தில் நமக்குக் கிடைப்பது 667 மட்டுமே. நான்கைந்து பெரிய கேம்களிலேயே நெருக்கடி தொடங்குகிறது. கனமான கேம்களில் ஏறத்தாழ 200 வாட் இழுப்பதால், சிறிய யுபிஎஸ் வாங்குவோர் அதன் திறனைப் பார்த்து வாங்க வேண்டும். 2022, 2023-இன் லோட் ஷெடிங் (முறைவைத்த மின்வெட்டு) நாட்களில் மின்சாரம் திடீரென்று போனபோதெல்லாம், மறுபடி இயக்கியதும் சேமிப்பகத்தைச் சோதித்த பிறகே அது வேலைக்கு வந்தது.

1080பி டிவியும் நன்றாக ஓடும் பிளேஸ்டேஷன் 4-உம் உள்ளவர்கள், தாங்கள் விரும்பும் கேம் புதிய கன்சோலுக்கு மட்டும் வரும்வரை பொறுக்கலாம். வாங்குவதென்றால் டிஸ்க் போடும் பதிப்பையே வாங்குங்கள்: பிளேஸ்டேஷன் 4 டிஸ்க்குகள் ஒரு சிலவற்றைத் தவிர எல்லாம் அதில் ஓடுகின்றன, ஆடி முடித்ததை விற்கவும் செய்யலாம்.